கிரெடிட் கார்டு கடனுக்கு சொந்த வீடு போகுமா? தனியாகக் குழந்தை வளர்ப்பவர்களுக்கு ஒரு கடன் கையேடு

ஒண்ணாம் தேதி சம்பளம் வருகிறதோ இல்லையோ, மெசேஜ் வந்துவிடும். 3-ம் தேதி வீட்டுக்கடன் இஎம்ஐ, 5-ம் தேதி பர்சனல் லோன், 12-ம் தேதி கிரெடிட் கார்டு. நடுவுல ஸ்கூல் வேன் ஃபீஸ், பிள்ளைக்குக் காய்ச்சல், கரன்ட் பில். ரெண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டிலேயே மூச்சு முட்டும். ஒரே ஆள் சம்பாதித்து, ஒரே ஆள் சமைத்து, ஒரே ஆள் ஹோம்வொர்க் சொல்லிக்கொடுக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

இதில் சொந்தக்காரர்கள் வேறு, ``உனக்கென்ன, சொந்த வீடு இருக்கு!'' என்பார்கள். பயமே அந்த வீட்டைப் பற்றித்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. கார்டு கடனுக்காக வீட்டை எடுத்துக்கொள்வார்களா, கோர்ட்டுக்கு இழுப்பார்களா, குழந்தையோடு தெருவுக்கு வரணுமா என்று ராத்திரி தூக்கம் வராமல் புரள்பவர் நீங்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதல் வேலை: கடனை ரெண்டாகப் பிரியுங்க

ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், எதையாவது அடமானம் வைத்து வாங்கிய கடன்கள்: வீட்டுக்கடன், நகைக்கடன், வண்டிக்கடன். வலது பக்கம், எதையும் அடமானம் வைக்காமல் வாங்கியவை: கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், மொபைல் ஆப் கடன், மகளிர் குழுக்கடன், கைமாற்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே மீதித் தொகை, வட்டி, மாதத் தவணை, தேதி எழுதுங்கள்.

ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு கிரெடிட் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் பெயரில் நீங்கள் வாங்காத கடன் ஏதும் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

சரி... வீடு போகுமா, போகாதா?

வீட்டுக்கடன் தவணையை 90 நாள்களுக்கு மேல் கட்டாவிட்டால் அது வாராக்கடன் ஆகும். அதன்பிறகு 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயிக்காமலேயே அடமான வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையைத் தொடங்க முடியும்.

கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் கொடுத்தவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. ``நாளைக்கு உங்க வீட்டுக்கு சீல் வைக்கிறோம்'' என்று போனில் யாராவது சொன்னால், அது மிரட்டல் மட்டுமே. அவர்கள் சிவில் கோர்ட்டுக்குப் போய் வழக்குப் போட வேண்டும், தீர்ப்பு வாங்க வேண்டும், பிறகு அதை நிறைவேற்ற இன்னொரு மனு போட வேண்டும். பல கடன் ஒப்பந்தங்களில் ஆர்பிட்ரேஷன் என்ற ஷரத்து இருக்கும். அந்த வழியில் வரும் தீர்ப்பும் கோர்ட் தீர்ப்பு போலத்தான்.

ஆனா ஒண்ணு. ``அடமானம் வைக்கல, அதனால வீட்டைத் தொடவே முடியாது'' என்று யாராவது சொன்னால், அதையும் நம்பாதீங்க. தீர்ப்பு வந்த பிறகும் பணம் கட்டவில்லை என்றால் உங்கள் பெயரில் உள்ள சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். நகரத்தில் இருக்கும் சாதாரண வீட்டுக்கு இதில் விலக்கு இல்லை. ஆக, வீடு உடனே போகாது. ஆனால், வருகிற நோட்டீஸ்களை எல்லாம் பிரிக்காமல் அலமாரியில் போட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஆபத்து வரலாம்.

தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய இன்னும் மூன்று விஷயங்கள்:

* சிவில் நடைமுறைச் சட்டம் 56-வது பிரிவின்படி, பணம் கட்டச் சொல்லும் தீர்ப்புக்காக ஒரு பெண்ணைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்க உத்தரவிட முடியாது.
* சம்பளத்தை ஜப்தி செய்தாலும் முழுசாக எடுக்க முடியாது. முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கே. 31,000 ரூபாய் சம்பளம் என்றால் 21,000 ரூபாயைத் தொட முடியாது. பி.எஃப் பணத்துக்கும் பாதுகாப்பு உண்டு.
* கடன் கட்ட முடியாதது குற்றமல்ல. ஆனால், கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் அது கிரிமினல் வழக்காகலாம். ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினாலும் அதேபோன்ற சட்டப் பிரிவு உண்டு. அதனால் யாருக்கும் தேதி போடாத செக் கொடுக்காதீங்க.

யாருக்கு முதலில் கட்டுவது?

பெரும்பாலானவர்கள் செய்வது, யார் அதிகமாக போன் பண்ணித் தொல்லை கொடுக்கிறார்களோ, அவர்களுக்கு முதலில் கட்டுவது. கார்டு கம்பெனி ஒரு நாளைக்குப் பத்து முறை கூப்பிடும்; வீட்டுக்கடன் வங்கி ஒரு எஸ்.எம்.எஸ்ஸோடு அமைதியாக இருக்கும். சத்தத்துக்குப் பயந்து கார்டுக்குக் கட்டிவிட்டு வீட்டுக்கடனை விட்டால், ஆபத்து இல்லாத கடனை அடைத்து, ஆபத்தான கடனை வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரியான வரிசை இது: முதலில் அரிசி, பருப்பு, மருந்து, குழந்தையின் படிப்பு, கரன்ட் பில். அடுத்து வீட்டுக்கடன் இஎம்ஐ. அதற்கடுத்து ஏலத்துக்குப் போகக்கூடிய நகைக்கடனின் வட்டி. இதெல்லாம் போக மிச்சமிருப்பதுதான் வலது பக்கக் கடன்களுக்கு. அதிலும் எது அதிக வட்டியோ, அதற்கு முதலில்.

சம்பளம் வரும் அக்கவுன்ட்டும், கார்டு அல்லது பர்சனல் லோன் கொடுத்த வங்கியும் ஒன்றாக இருந்தால், சம்பளத்திலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வீட்டுச் செலவுக்கான பணம் கடன் இல்லாத இன்னொரு வங்கியில் இருப்பது நல்லது.

மினிமம் டியூ என்னும் ஓட்டைப் பானை

கார்டில் 1 லட்சம் ரூபாய் பாக்கி. மாத வட்டி 3.5%. மினிமம் டியூ 5% என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒழுங்காக 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள். அதில் வட்டிக்கு 3,500 ரூபாய். வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, அது 630 ரூபாய். ஆக மொத்தம் 4,130 ரூபாய் போய்விட்டது. அசலில் குறைந்தது வெறும் 870 ரூபாய்!

இதோடு முடியவில்லை. பாக்கி இருக்கும்வரை, அந்த கார்டில் புதிதாக வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால், அடைக்க நினைக்கும் கார்டை பர்ஸிலிருந்தும் ஷாப்பிங் ஆப்களிலிருந்தும் முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு வங்கியிடம் மொத்த பாக்கியையும் இஎம்ஐ-யாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பொதுவாக அதன் வட்டி, கார்டின் வழக்கமான வட்டியைவிடக் குறைவாக இருக்கும்.

வீட்டை வைத்து கார்டை அடைக்கலாமா?

வீடு இருக்கிறவர்களுக்கு வரும் பெரிய ஆசை இதுதான். ``டாப்-அப் லோன் எடுங்க மேடம், எல்லாக் கடனையும் ஒரே கடனா மாத்திடலாம்'' என்று ஏஜென்ட் சொல்வார். கணக்கு அழகாகத்தான் இருக்கும்.

4 லட்சம் ரூபாய் கார்டு பாக்கிக்கு, 3.5% வீதம் மாத வட்டியே 14,000 ரூபாய். அதே 4 லட்சத்தை 10% வட்டியில் டாப்-அப் ஆக, 5 வருடத்துக்கு எடுத்தால் இஎம்ஐ சுமார் 8,500 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1.1 லட்சம். நல்ல லாபம்தான்.

அதையே, ``இஎம்ஐ இன்னும் குறையட்டுமே'' என்று 15 வருடத்துக்கு நீட்டினால் மாதம் சுமார் 4,300 ரூபாய்தான். ஆனால் மொத்த வட்டி சுமார் 3.7 லட்சம். வாங்கிய கடன் அளவுக்கு வட்டியே வந்துவிடுகிறது.

வட்டியைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இதுவரை வலது பக்கத்தில் இருந்த கடனை, நீங்களே கையெழுத்துப் போட்டு இடது பக்கத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். நேற்று வரை கோர்ட்டுக்குப் போனால்தான் வீட்டை நெருங்க முடியும் என்றிருந்த கடன், இன்று 60 நாள் நோட்டீஸில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். வருமானம் ஒருவருடையது மட்டும் என்னும்போது, வேலை போனால் தாங்கிப்பிடிக்க இன்னொரு சம்பளம் இல்லை என்பதையும் சேர்த்து யோசிக்கணும்.

எனவே, டாப்-அப் எடுப்பதற்கு முன் இந்த நான்கு கேள்விகளுக்கும் `ஆமாம்' என்று பதில் வர வேண்டும்:

* வேலை நிலையானதா?
* 3 மாத இஎம்ஐ கையிருப்பில் இருக்கிறதா?
* 5 முதல் 7 வருடத்துக்குள் முடிக்க முடியுமா?
* பழைய கார்டுகளை குளோஸ் செய்யத் தயாரா?

கடைசிக் கேள்விதான் பலரையும் கவிழ்க்கிறது. டாப்-அப் பணத்தில் கார்டை அடைத்து, ஆறு மாதத்தில் அதே கார்டை மறுபடி தேய்த்து, ரெண்டு கடனோடு நிற்பவர்கள் நிறைய. தனிநபர் வாங்கும் ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அதில் கட்டுங்கள்.

பீரோவில் நகை இருந்தால், வீட்டை வைப்பதைவிட வங்கியில் நகையை வைப்பது மேல். கார்டு வட்டியைவிட மிகக் குறைவு. மோசமான நிலையிலும் போவது நகைதான், குழந்தை தூங்குகிற இடம் அல்ல.

மாடி போர்ஷன் இருக்கா?

வீட்டில் ஒரு போர்ஷனையோ, ஒரு ரூமையோ வாடகைக்கு விடுவது தனியாக இருப்பவர்களுக்குத் தயக்கமான விஷயம்தான். ஆனாலும், தெரிந்த குடும்பமோ, வேலைக்குப் போகும் பெண்களோ கிடைத்தால், மாதா மாதம் வரும் அந்தப் பணம் அப்படியே கார்டு பாக்கிக்குப் போகலாம்.

ஒத்திக்கு, அதாவது லீஸுக்கு விட்டு, வரும் மொத்தப் பணத்தில் கடனை அடைப்பவர்களும் உண்டு. வட்டி மிச்சம்தான். ஆனால், ஒத்திப் பணமும் ஒரு கடனே. ஒப்பந்தம் முடியும் நாளில் ஒரே தவணையில் முழுசாகத் திருப்பித் தர வேண்டும். கடனுக்குக் கட்டிவந்த தொகையை ஒத்தி எடுத்த மாதத்திலிருந்தே ஆர்.டி-யில் போட முடியும் என்றால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

துணை விட்டுச்சென்ற கடன்

கணவரையோ மனைவியையோ இழந்தவர்களிடம், ``அவர் வாங்கின பர்சனல் லோனை நீங்கதான் கட்டணும்'' என்று வங்கி ஆட்கள் வருவார்கள். உடனே தலையாட்டாதீங்க. அந்தக் கடனில் நீங்கள் கோ-அப்ளிகன்ட்டாகவோ, ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் நீங்கள் பொறுப்பு. இல்லையென்றால், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகளின் பொறுப்பு. உங்கள் சம்பளத்தில் நீங்கள் உங்கள் பெயரில் வாங்கிய வீடு அவருடைய கார்டு கடனுக்குப் பொறுப்பாகாது. வீடு அவர் பெயரிலிருந்து உங்களுக்கு வந்தது என்றால், அதன்மீது கடன்காரர் உரிமை கோர முடியும்.

கட்டுவதற்கு முன், அந்தக் கடனோடு இன்ஷூரன்ஸ் எடுக்கப்பட்டிருந்ததா என்று எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். அவரது பேங்க் பாஸ்புக்கைப் புரட்டுங்கள். வருடத்துக்கு 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். பி.எஃப் உள்ள வேலையில் இருந்தபோது இறந்திருந்தால், இடிஎல்ஐ திட்டத்தில் 7 லட்சம் ரூபாய் வரை வர வாய்ப்புண்டு. கேட்காமல் விட்ட பணம் நிறைய வீடுகளில் இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சொத்தில் மனைவி, பிள்ளைகள், அவருடைய அம்மா எல்லோருக்கும் சம பங்கு உண்டு. குழந்தை மைனர் என்றால், அதன் பங்கை அடமானம் வைக்கவோ, விற்கவோ கோர்ட் அனுமதி வேண்டும். அம்மாவாகவே இருந்தாலும் அப்படித்தான். ``நான் பார்த்துக்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்க'' என்று சொல்லும் புரோக்கரை நம்பி, பின்னாளில் பத்திரம் செல்லாமல் போனால் சிக்கல் உங்களுக்கே. மற்ற மதத்தினருக்கு வாரிசுச் சட்டம் வேறு, வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விவாகரத்து ஆனவர்களுக்கு

`வீட்டுக்கடனை அவர் கட்டுவார்' என்று விவாகரத்து ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் கடனில் உங்கள் கையெழுத்தும் இருந்தால், வங்கி உங்களிடமும் கேட்கும். கோ-அப்ளிகன்ட் பெயரை மாற்ற வங்கியிடம் தனியாகப் பேச வேண்டும். உங்கள் கார்டில் அவருக்கு ஆட்-ஆன் கார்டு கொடுத்திருந்தால் இன்றே பிளாக் செய்யுங்கள். அவர் தேய்த்தாலும் பில் உங்களுக்கே.

கோர்ட் உத்தரவிட்ட ஜீவனாம்சம் வரவில்லை என்றால், `போகட்டும்' என்று விட வேண்டாம். பி.என்.எஸ்.எஸ் 144-வது பிரிவின் கீழ் வரவேண்டிய பாக்கியை வசூலிக்க, அது கட்ட வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அது உங்கள் குழந்தையின் பணம்.

பேசுங்க, ஆனா எழுதி வாங்குங்க

தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதி தாண்டுவதற்கு முன்பே வங்கிக்கு மெயில் போடுங்கள். வேலை போனது, மருத்துவச் செலவு, துணையின் மரணம் என்று காரணத்தையும், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் நான்கு வரியில் எழுதினால் போதும். முடியாத தொகையை மட்டும் ஒப்புக்கொள்ளாதீங்க.

செட்டில்மென்ட் என்பது கடைசி வழி. பாதித் தொகையில் முடித்துக்கொள்கிறோம் என்பார்கள். ஆனால் கிரெடிட் ரிப்போர்ட்டில் `குளோஸ்டு' என்று வராது, `செட்டில்டு' என்று வரும். பின்னாளில் குழந்தைக்குக் கல்விக்கடன் கேட்கும்போது இடிக்கலாம். வேறு வழியில்லை என்றால், வங்கியின் செட்டில்மென்ட் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். அதையும் கடன் கணக்கில் மட்டும். ஏஜென்ட்டின் ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. முடிந்ததும் `நோ டியூ' சான்றிதழ் வாங்குங்கள்.

மிரட்டினால்?

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பிறகோ கூப்பிடக் கூடாது. குழுக்கடன் போன்ற மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். திட்டுவது, மிரட்டுவது, பொது இடத்தில் அவமானப்படுத்துவது, குடும்பத்தினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது எல்லாமே விதிமீறல். வீட்டுக்கு வந்தால் அடையாள அட்டையையும், வங்கி கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. குழந்தையிடம் பேச விடாதீர்கள்.

கால் ஹிஸ்டரி, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். முதலில் வங்கிக்குப் புகார். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. சந்தேகங்களுக்கு 14448. போட்டோவை மார்ஃபிங் செய்து மிரட்டும் லோன் ஆப் என்றால் 1930. வீட்டு வாசலில் ஆள் நின்று மிரட்டினால் 112, பெண்களுக்கு 181.

மீட்டர் வட்டி, தண்டல், கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை. இவர்கள் வீடு வைத்திருப்பவர்களைக் குறிவைக்கும் விதம் தெரியுமா? ``சும்மா ஒரு பாதுகாப்புக்கு'' என்று பவர் பத்திரமோ, கிரய ஒப்பந்தமோ பதிவு செய்யச் சொல்வார்கள். அது பாதுகாப்பு அல்ல, வீட்டை விற்கும் வழி. வெற்றுப் பத்திரம், நிரப்பாத புரோநோட், மூலப்பத்திரம் எதையும் கைமாற்றுக்காகக் கொடுக்கவே கொடுக்காதீங்க.

கோர்ட் நோட்டீஸ் வந்தால்...

பிரியுங்கள், படியுங்கள், போங்கள். நீங்கள் போகாவிட்டால் எதிர்த்தரப்பு சொன்னதே தீர்ப்பாகிவிடும். போனால், வட்டியைக் கேள்வி கேட்கலாம், தவணை முறையில் கட்ட அனுமதி கேட்கலாம். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். உதவி எண் 15100. லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கவும் அங்கேயே வழி சொல்வார்கள். அதில் ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு இல்லை என்பதால், கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் சரி சொல்லுங்கள்.

``வீட்டை உங்க அம்மா பேருக்கு மாத்திடு, ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாது'' என்ற ஐடியாவும் வரும். கடன்காரர்களை ஏமாற்றுவதற்காகச் செய்த மாற்றம் என்று நிரூபித்தால், அந்தப் பத்திரத்தை கோர்ட் ரத்து செய்ய முடியும். பத்திரச் செலவும் வீண், உங்கள் பக்க நியாயமும் வீண்.

குழந்தையிடம் சொல்லலாமா?

தொகையைச் சொல்ல வேண்டாம். நிலைமையைச் சொல்லலாம். ``இந்த வருஷம் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. ஸ்கூல் இருக்கும், சாப்பாடு இருக்கும், வீடு இருக்கும். டூர் மட்டும் அடுத்த வருஷம்'' என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும். சொல்லாமல் மறைத்து, போன் அடிக்கும்போதெல்லாம் நீங்கள் நடுங்குவதைப் பார்க்கும் குழந்தைதான் அதிகமாகப் பயப்படும்.

உங்களுக்கு மனசு கனமாகி, `இனி முடியாது' என்று தோன்றினால் 14416 டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள். உங்கள் பிள்ளைக்குத் தேவை கடனில்லாத அம்மாவோ அப்பாவோ அல்ல, கூட இருக்கிற அம்மாவோ அப்பாவோதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

* திங்கள்: ரெண்டு பக்கக் கடன் பட்டியல்.
* செவ்வாய்: கிரெடிட் ரிப்போர்ட் டவுன்லோடு.
* புதன்: ஷாப்பிங் ஆப்களிலிருந்து கார்டுகளை நீக்குதல், வீட்டுச் செலவுக்குத் தனி அக்கவுன்ட்.
* வியாழன்: அதிக வட்டி உள்ள கடனுக்கு இஎம்ஐ மாற்றக் கோரி மெயில்.
* வெள்ளி: வீட்டின் பத்திர நகல், வரி ரசீது, கடன் கடிதங்கள், இன்ஷூரன்ஸ் பாலிசிகள் எல்லாம் ஒரே ஃபைலில்.
* சனி: பிரிக்காமல் வைத்திருக்கும் கவர்களைப் பிரித்துப் படித்தல். நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.
* ஞாயிறு: போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு, குழந்தையோடு பார்க்குக்குப் போங்க.